நெல்லில் விழுந்த பந்து

சான் இசிட்ரோ
பிலிப்பைன்ஸ்
8 ஏப்ரல் 1996

அன்புள்ள மனாங் எட்னா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன தடவை கேட்டதற்கு, "பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்ப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது" என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாய். அந்த அரைப் பக்கத்தில் வேறு ஏதாவது சுவாரசியமாக எழுதியிருக்கலாம். தைவானில் பேய் உண்டா, உண்டென்றால் அதற்கும் இரண்டு ஷிப்டா, இப்படி.

இங்கேயும் எல்லாரும் களைத்துத்தான் கிடக்கிறோம். ஈஸ்டர் முடிந்தது, இரண்டாம் போக அறுப்பு தொடங்கியாயிற்று, வயல் வயலாக மே கடைசி வரை போகும். ஊர் நெல் முழுக்க வழக்கம்போல் கூடைப்பந்துக் களத்தின் சிமெண்டில் காய்கிறது. பாதிக் களம் நெல், பாதிக் களம் நாங்கள். காலை ஐந்தரைக்கு அம்மாவோடு போய்ப் பரப்பிவிட்டு வருகிறேன். மாலையில் அதே இடத்தில் பயிற்சி. ஒரே களத்தில் காலையில் உழைப்பாளி, மாலையில் விளையாட்டுவீரன். இரண்டுக்கும் ஒரே செருப்பு.

அம்மா இந்த வருஷமும் ஊர்த்தலைவர் வீட்டு நெல்லைத்தான் காயவைக்கிறாள். குடையைக் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, மரப்பலகையால் துழாவியபடி நாள் முழுக்க நிற்கிறாள். பழைய சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது: பந்து நெல்லில் விழுந்தால், வளையத்துக்கு எறிந்தவன்தான் போய்த் துழாவிச் சமன்செய்ய வேண்டும். நான் இந்த வருஷம் ஒருமுறைகூடத் துழாவவில்லை. எப்படி என்கிறாயா? எறிந்தால்தானே.

திருவிழாக் கோப்பைக்கு ஜெர்சி வந்துவிட்டது. நீலம். முதுகில் எண் ஏழு. நெஞ்சில் என் ஞானத்தகப்பனாகிய தலைவர் டெல்ஃபினின் பெயர், பக்கத்து ஊரிலிருந்து பார்த்தாலும் படிக்கிற அளவுக்கு. தேர்தல் அடுத்த வருஷம்தான். ஆனாலும் அவர் இப்போதே எங்கள் நெஞ்சில் இடம்பிடித்துவிட்டார். அவர் மகன் ஜுன்ரேதான் கேப்டன். பந்து யார் கையில் கிடைத்தாலும் கடைசியில் ஜுன்ரேயிடம் போய்ச் சேரும், ஆறு கடலில் சேர்வதைப் போல. என்ன, கடலுக்குக் கொஞ்சம் குறி பார்க்க வராது.

இப்போது முக்கியமான விஷயம். இலோய்லோ கல்லூரியின் கோச் கும்பான் அரையிறுதி பார்க்க வருகிறார். ஆள் தேடுகிறார். பிடித்துப்போனால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். உனக்கு வந்திருக்கும் அந்த ஒரு வருஷ வேலை நீட்டிப்புக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஜூலையில் வீட்டுக்கு வரலாம். நான் மறக்கவில்லை. விளையாட்டாகப் பேசுகிறேன் என்பதற்காக மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

உன் தம்பி,
ஜொவெல்


தாவோயுவான்
தைவான்
21 ஏப்ரல் 1996, ஞாயிறு

தோத்தோ,

பூசை முடிந்து வந்து படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டுப் பேர் அறை. மேல் படுக்கைக்காரி கால் ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், எழுத்துக் கோணலாக வந்தால் அவளைத் திட்டு.

காகிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மே 31க்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம். போடாவிட்டால் ஜூலையில் விமானச்சீட்டு. ஒருநாள் போட்டுவிடலாம் என்று எடுப்பேன், மறுநாள் திரும்ப வைப்பேன். உன் படிப்பைத் தவிர நான் இங்கே இருக்க வேறு காரணம் இல்லை. இதை உன் தலையில் பாரம் ஏற்ற எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

உன் கடிதத்தில் ஒரு வரியை நான்கு முறை படித்தேன். "எறிந்தால்தானே." நீ வேடிக்கைக்கு எழுதினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறடி ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறாய், ஊரில் உன்னைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது, நீ கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனைப் போலப் பந்தைப் பரிமாறிக்கொண்டிருக்கிறாய். இவருக்குப் போதுமா, அவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று. கடைசியில் பரிமாறியவன் பட்டினி.

அந்த கோச் உன் முதுகுக்குப் பின்னால் பந்து கொடுக்கும் வித்தையைப் பார்க்க வரவில்லை. நீ உள்ளே புகுந்து எறிகிறாயா என்று பார்க்க வருகிறார். ஐந்து முறை எறி. ஐந்தும் தவறினாலும் சரி. கணக்கு எழுதி எனக்கு அனுப்பு.

இங்கே தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாய்லாந்து ஆட்கள் விளையாடுவார்கள். பந்து வெளியே உருண்டு வந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

அம்மா முதுகுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்த்து விடு. ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகு சரியாகாது.

எட்னா


சான் இசிட்ரோ
6 மே 1996

அன்புள்ள மனாங் (கோபமான மனாங் என்று எழுதி அடித்துவிட்டு அன்புள்ள என்று மாற்றினேன். முன்கூட்டியே),

நல்ல செய்தி முதலில். நேற்று அரையிறுதியில் ஜெயித்தோம். ஒரு புள்ளியில்.

இப்போது மற்ற செய்தி. நீ கேட்ட கணக்கு: எறிந்தது பூஜ்யம். கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஒரு பிழையும் இல்லை.

என்ன நடந்தது தெரியுமா? கடைசி அரை நிமிஷம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டிப் பிடுங்கிவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு ஆள் கிடையாது, மனாங். களம் காலி. நான், பந்து, வளையம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோழிக்குஞ்சை ஓடவிட்டிருந்தால் அதுகூடப் போட்டிருக்கும். நான் வளையத்துக்கு அடியில் நின்றேன். நின்றுகொண்டு, ஜுன்ரே ஓடி வருவதற்காகக் காத்திருந்தேன். அவன் நிதானமாக வந்தான். கொடுத்தேன். தவறவிட்டான். திரும்பி வந்த பந்தைப் பின்னாலிருந்த குட்டை ரோனிலோ எப்படியோ தட்டிப் போட்டான். ஜெயித்தோம். ஊரே களத்துக்குள் ஓடி வந்தது. எனக்கு மட்டும் பொது இடத்தில் கால்சட்டை அவிழ்ந்தது போல இருந்தது.

கோச் கும்பான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குள்ளமான மனிதர், பல்லில் குச்சி.

"தம்பி, வளையத்துக்கு அடியில யாருக்காக நின்ன?" என்றார்.

"ஜுன்ரே வரட்டும்னு, சார்."

"இது என்ன பஸ் ஸ்டாப்பா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்லிலிருந்து குச்சியை எடுத்தார்.

"பாஸ் குடுக்க எங்கிட்ட ஒம்போது பேர் இருக்கானுங்க. முட்டிட்டு உள்ள போறவன் ஒருத்தனும் இல்ல. பதினஞ்சாம் தேதி ஃபைனலுக்கு வரேன், உனக்காக இல்ல, உங்க தலைவர் வீட்ல பன்னி சுடறாங்களாம். பந்து உள்ள விழணும்னு இல்ல. போடறதுக்குப் போ. அத மட்டும் பாக்கறேன்."

இனி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, தலைவர் தன் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருக்கையெல்லாம் ரத்தம். முகம்கூடச் சுளிக்கவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது, அவர் மகனுக்குப் பந்து கொடுக்காமல் நானே எறிவதா? "நன்றி கெட்டவன்" என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம். சொன்னாலாவது பதில் சொல்லலாம்.

தூக்கம் வருகிறது. விடிந்தால் நெல். தைலம் தேய்த்தேன். பாதி ஜாடி காலி, முதுகில் பாதி, பூனையின் மேல் பாதி. பூனைக்கு இப்போது முதுகுவலி இல்லை.

ஜொவெல்


தாவோயுவான்
14 மே 1996

தோத்தோ,

இது உனக்கு வந்து சேரும்போது இறுதி ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அதனால் இதில் அறிவுரை ஒன்றும் இல்லை. அறிவுரைக்கு என்னிடம் தெம்பும் இல்லை. இன்று பூதக்கண்ணாடிக்கு அடியில் நாலாயிரம் மின்சுற்றுத் தகடுகளின் பற்றவைப்பைப் பார்த்தேன். கண்ணை மூடினாலும் ஈயப் புள்ளிகள் தெரிகின்றன.

ஜீப்பைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு அப்போது பதினான்கு வயது, பாதிதான் தெரியும். அன்றைக்கு மறுநாள் அந்த ஜீப்பை நான் கழுவினேன். அதற்குப் பிறகு இங்கே வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். கடைசிச் சனிக்கிழமை அவர் மனைவி என் கையைப் பிடித்து, "போதும் மகளே, இனிமே நாங்கதான் உனக்குக் குடுக்கணும்" என்றாள். ஆகவே நீ அந்த ஜீப்பைப் பந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஜீப் காரணம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்பே நீ எறிவதை நிறுத்திவிட்டாய்.

ஒன்பது வயதில் நீ கண்ட இடத்திலிருந்தும் எறிவாய். நினைவிருக்கிறதா? தொல்லை தாங்க முடியாது. ஒருநாள் தூரத்திலிருந்து எறிந்தாய். பந்து பலகையில் பட்டு எகிறி, அம்மா அப்போதுதான் கூட்டிக் குவித்திருந்த நெல்லில் போய் விழுந்தது. குவியல் சரிந்து சாக்கடை வரைக்கும் ஓடியது. நீ துழாவப் போனாய். அதற்குள் அம்மா பலகையை எடுத்துவிட்டாள். திட்டவில்லை. குனிந்து, சாக்கடை ஓரத்திலிருந்து ஒவ்வொரு பிடியாக அள்ளினாள். நீ பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாய். பெண்கள் அணிக்கு நான் பயிற்சிக்கு வந்திருந்தேன், பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாளிலிருந்துதான் நீ பந்து கொடுக்க ஆரம்பித்தாய். எல்லாரும் "எவ்வளவு நல்ல பிள்ளை, பகிர்ந்து ஆடுகிறான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு தூரம் வந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபிறகுதான் தெரிகிறது.

எட்னா


சான் இசிட்ரோ
16 மே 1996

மனாங்,

நேற்று இறுதி ஆட்டம். தோற்றுவிட்டோம், ஆறு புள்ளியில். நான் ஒருமுறையும் எறியவில்லை. கோச் கும்பான் என்னிடம் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அம்மாவுக்கு முதுகுவலி அதிகம். நெல் இன்னும் நான்கு நாள் காய வேண்டும்.

மன்னித்துவிடு.

ஜொவெல்


சான் இசிட்ரோ
17 மே 1996

என் அருமை மனாங், ஏமாந்த மனாங், தங்க மனாங்,

நேற்று எழுதிய கடிதத்தை... இல்லை, உனக்கு அது இன்று வந்திருக்கும். அல்லது இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கும். எதை முதலில் பிரித்தாயோ தெரியாது. அதில் ஒரே ஒரு வரி பொய். எது என்று கண்டுபிடி. கண்டுபிடிப்பவருக்குப் பரிசு: ஜூலையில் ஒரு தம்பி.

தோற்றது உண்மை. ஆறு புள்ளி உண்மை. அம்மாவின் முதுகு உண்மை. கோச் பேசாமல் போனதும் உண்மைதான், என்னிடம் பேசவில்லை; அம்மாவிடம் பேசினார்.

பொய் எது? எறிந்தேன், மனாங். பதினோரு முறை எறிந்தேன்.

முதல் பாதியில் இல்லை. முதல் பாதி வழக்கம்போல் பந்தி பரிமாறல். ஜுன்ரே எறிந்தான், எறிந்தான், கோயில் மணி அடித்த மாதிரி வளையத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். பதினான்கு புள்ளி பின்னால். இடைவேளையில் கோச் கும்பானைப் பார்த்தேன். கையில் பன்றிக்கறித் தட்டு. என்னைப் பார்க்கவே இல்லை, தோலைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மொறுமொறு சத்தத்தைக் கேட்டேன். ஒரு பன்றித்தோல் என்னைவிடச் சுவாரசியமாக இருக்கிறது என்று தோன்றியபோது எனக்கு எங்கேயோ சுட்டது.

இரண்டாம் பாதியில் நாங்கள் தாக்க வேண்டிய வளையம் கிழக்குப் பக்கம். அதன் பின்னால்தான், கோட்டுக்கு நான்கடி தள்ளி, தலைவர் வீட்டு நெல்லைத் திருவிழாவுக்காகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்திலேயே முக்காலியில் அம்மா. காவல்.

முதல் தடவை உள்ளே புகுந்தேன். ஜுன்ரே இடதுபக்கம் நின்று கையை ஆட்டினான். "குடுடா, இங்க குடு." பார்க்காத மாதிரி போனேன். எறிந்தேன். தவறியது. பந்து பலகையில் பட்டுத் தெறித்து, எங்கே போகும், தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு நெல்லில்தான் போனது. நானும் போன வேகத்தில் நிற்க முடியாமல் பின்னாலேயே போய் விழுந்தேன். குவியல் சரிந்தது. என் வாயில், காதில், ஜெர்சிக்குள், தலைவர் பெயருக்குள் எல்லாம் நெல்.

எழுந்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் பலகை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எதிரணி அந்தப்பக்கம் ஓடுகிறது, எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள், நான் கை நிறைய நெல்லை அள்ளிக் குவியலில் போட ஆரம்பித்தேன்.

அம்மா பலகையால் என் பின்புறத்தில் ஒன்று வைத்தாள். பலமாக.

"போ. இது என் வேல. உன் வேல அங்க இருக்கு."

போனேன். பிறகு எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. புகுந்துகொண்டே இருந்தேன். பதினொன்றில் ஐந்து விழுந்தது. ஒரு தடவை அவர்களுடைய தடியனின் முழங்கை என் புருவத்தில். இரண்டு தடவை மறுபடி நெல்லில். ஒவ்வொரு தடவையும் பின்னால் அம்மா துழாவும் சத்தம், சர், சர் என்று. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் நான் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன்.

முடிந்ததும் கோச் கும்பான் நேராக அம்மாவிடம் போனார். ஜூன் பத்தாம் தேதி இவனை இலோய்லோவுக்குக் கொண்டுவந்து விடுங்கள், கூடவே ஒரு போர்வை, ஒரு தட்டு, பள்ளிச் சான்றிதழ் என்றார். படிப்பு, விடுதி, சாப்பாடு. அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: மதியமும் சோறு உண்டா?

ஆக, கையெழுத்துப் போடாதே. காகிதத்தைக் கப்பல் செய்து விடு.

தலைவர் என்னிடம் பேசவில்லை. ஜுன்ரேவும் ஒதுங்கிப் போகிறான். ஆனால் நாளை அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு இலோய்லோ போகிறான். அங்கே பெரிய தபாலாபீஸில் போட்டால் நம்ம ஊர்த் தபாலை முந்திவிடும், நேற்றைய கடிதத்தையே பிடித்துவிடும். அதனால் இதை அவனிடம் கொடுக்கப் போகிறேன். சமாதானத்துக்கும் ஆயிற்று. பந்துதான் கொடுக்கவில்லை, கடிதமாவது கொடுக்கிறேன்.

ஜொவெல், எண் ஏழு, புருவத்தில் நான்கு தையல்


சான் இசிட்ரோ
27 மே 1996

மனாங்,

இந்த உறையில் இரண்டு கடிதம் இருக்கிறது. முதலில் 17ஆம் தேதி போட்டதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

இன்று காலை நெல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஜுன்ரே வந்தான். கையில் அந்தக் கடிதம். பத்து நாளாக ஜீப்பின் பெட்டியில் கிடந்திருக்கிறது.

"மறந்துட்டேன்," என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "முழுசா மறக்கல. மொத நாள் வேணும்னுதான் போடல. மறுநாள்தான் மறந்தேன்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. அவனைச் சொல்லி என்ன? வளையத்துக்கு அடியில் தனியாக நின்றுகொண்டு, மறுபடியும் ஜுன்ரேயிடம் கொடுத்தது நான்தானே. தபாலாபீஸ் நம்ம வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை.

விஷயத்தைச் சொன்னதும் அவனே ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனான். தந்திக் கம்பி காற்றில் அறுந்து ஒரு வாரமாகிறதாம். தொலைபேசி நிலையத்தில் இரண்டு மணி நேரம் வரிசை. உன் விடுதி எண் கிடைத்தது. எடுத்தவர் காவல்காரராக இருக்கும், சீனத்தில் ஏதோ கேட்டார். "எட்னா, எட்னா" என்றேன். அவரும் "எட்னா, எட்னா" என்றார். நன்றாகத்தான் உச்சரித்தார். பிறகு வைத்துவிட்டார். இன்னும் இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை.

இன்று 27. இது வந்து சேர ஒன்பது நாள். 31 போய்விடும். எனக்கும் கணக்குப் போடத் தெரியும்.

உன் 14ஆம் தேதிக் கடிதம் வந்தது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும் என்று தெரியாது.

நான் செய்தது இதுதான்: உன்னை ஒருநாள் அழவைத்து மறுநாள் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். வேடிக்கை. நேராகச் சொல்லத் தெரியாதவன் செய்கிற வேலை. ஒரு வருஷம், மனாங். என் வேடிக்கைக்கு உன் ஒரு வருஷம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வேன். நானே.

ஜொவெல்


தாவோயுவான்
1 ஜூன் 1996

தோத்தோ,

உன் 16ஆம் தேதிக் கடிதம் ஒரு வாரத்துக்கு முன் வந்தது. பதில் எழுத நாளாகிவிட்டது.

முதலில் நம்பவில்லை. உன்னை எனக்குத் தெரியும். அப்பா நம்மை விட்டுப் போனபோது நீ ஒரு வாரம் குரங்கு மாதிரி நடித்துக்கொண்டு திரிந்தாய். அம்மாவின் அறுவைச் சிகிச்சையன்று மருத்துவரின் நடையை நடந்து காட்டினாய். உனக்கு எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு வேடிக்கை வரும். இந்தக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் பார்த்தேன். இல்லை. வேடிக்கைக்குக்கூட வழியில்லாத அளவுக்கு விழுந்துவிட்டான் என்று நம்பினேன்.

காகிதத்தை வெளியே எடுத்து வைத்தேன். ஐந்து நாள் அது படுக்கையிலேயே கிடந்தது. மேல் படுக்கைக்காரி பேனாவைக்கூடக் கொடுத்தாள்.

நேற்றுக் காலை வேலைக்குப் போகும் முன் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்காரி கையை நீட்டினாள். கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள், கையெழுத்து இல்லை. இங்கே, இங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தெரிந்த சீன வார்த்தைகள் முப்பதுக்கு மேல் இருக்காது. அதில் ஒன்றைச் சொன்னேன். வேண்டாம். அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதே. உன் படிப்புக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியாது. நீ தோற்றுவிட்டாய் என்று தெரிந்துதான் இதைச் செய்தேன். நீ ஜெயித்திருந்தால் உனக்காக வந்தேன் என்றாகியிருக்கும். நான் களைத்துவிட்டேன், தோத்தோ. களைப்பு ஒரு காரணம்தான். அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்துத் தர வேண்டியதில்லை.

உன்னைப் பந்தியில் பரிமாறுகிறவன் என்று எழுதினேன். நேற்றுச் சாயங்காலம் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. இங்கே இரண்டு வருஷமாகப் பந்து வெளியே உருண்டு வந்தால் நானும் எடுத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படி உனக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. நாளைக்குப் போடுகிறேன்.


6 ஜூன்

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, போடாமலே வைத்திருந்தேன். இன்று மதியம் உன் தடித்த உறை வந்தது.

17ஆம் தேதியை முதலில் படித்தேன், நீ சொன்னபடி. அம்மா பலகையால் வைத்த இடம் வந்தபோது கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே. வெளியே நான்கு பேர் வரிசையில் நின்று தட்டினார்கள்.

பிறகு 27. நீ என் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டதாக எழுதியிருக்கிறாய். தின்னவில்லை. உன் பொய் வந்தும் நான் வருகிறேன், உண்மை வந்தும் நான் வருகிறேன். ஜூலை 9, மணிலா. அங்கிருந்து கப்பல்.

இருந்தாலும் நீ செய்தது அயோக்கியத்தனம். நேரில் வந்து காதைத் திருகுவேன். ஜுன்ரேவை விட்டுவிடு. பாதி உண்மையையாவது முகத்துக்கு நேராகச் சொன்னான்.

இது வரும்போது நீ இலோய்லோ போயிருப்பாய். போர்வை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே, இங்கே நான் உபயோகித்தது இருக்கிறது, ஆள் மூலம் அனுப்புகிறேன். ஊருக்கு வரும்போது தலைவர் வீட்டுக்கு ஒருநாள் போ. ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடு. மன்னிப்புக் கேட்காதே, நன்றி மட்டும் சொல். இரண்டும் வேறு வேறு.

போன ஞாயிறு வளையத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பந்து உருண்டு வந்தது. அவர்கள் கையை நீட்டினார்கள். நான் கொடுக்கவில்லை. அங்கேயிருந்தே எறிந்தேன். வளையத்தைத் தொடக்கூட இல்லை, சுவரைத் தாண்டி நெல்வயலில் போய் விழுந்தது. இங்கேயும் நெல்தான். ஒருவரும் திட்டவில்லை. ஒரு பையன் ஏறிக் குதித்து எடுத்து வந்து மறுபடி என்னிடமே கொடுத்தான்.

அக்டோபர் அறுப்புக்கு நீ விடுமுறையில் வருவாய் அல்லவா? களத்தில் பாதி நெல் காயும். நான் வருவேன். கை பழகவில்லை, எறிவதில் முக்கால்வாசி நெல்லில்தான் விழும். சட்டத்தை ஒருநாளைக்கு மட்டும் மாற்றுவோம். எறிவது நான். அம்மாவை முக்காலியில் உட்காரவை, எழுந்திருக்க விடாதே. துழாவுவது நீ.

எட்னா